எல்லோருக்கும் 200 மில்லிகியூரியா?

நியூரோஎண்டோகிரைன் கட்டி உடலில் பரவிவிட்ட ஒருவருக்கு லுட்டேசியம்-177 டோட்டாடேட் சிகிச்சை தரும்போது, நரம்பில் ஏற்றப்படும் கதிரியக்கம் 7.4 கிகாபெக்கரல். எட்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை. நோயாளி 45 கிலோ எடையுள்ள பெண்ணா, 95 கிலோ எடையுள்ள ஆணா என்பது கணக்கில் வராது. கட்டி கல்லீரல் முழுதும் அப்பியிருக்கிறதா, இரண்டே இடத்தில் சிறு முடிச்சாக நிற்கிறதா என்பதும் வராது. 7.4 என்ற எண்ணைப் பார்த்தால் ஏதோ நுட்பமான கணக்கின் விடை போலத் தோன்றும். பழைய அலகுக்கு மாற்றினால் அது சரியாக 200 மில்லிகியூரி. கையாள வசதியான ஒரு முழு எண், அவ்வளவுதான். புராஸ்டேட் புற்றுக்கான லுட்டேசியம் மருந்தும் அதே 7.4 கிகாபெக்கரலில்தான் அங்கீகாரம் பெற்றது. அங்கே இடைவெளி ஆறு வாரம், முறை அதிகபட்சம் ஆறு.

இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் கருத்து அணு மருத்துவத்தில் பரவலாக வேரூன்றியது. மருந்து ஆய்வுகள் இந்த அளவில்தான் நடந்தன, இந்த அளவில்தான் வென்றன, ஆகவே இதுவே போதும் என்கிறது அது. ஒவ்வொரு நோயாளியின் உறுப்பும் கட்டியும் எவ்வளவு கதிரை வாங்கின என்று படமெடுத்துக் கணக்கிடுவது ஆய்வாளர்களின் ஆசை என்றும், காமா கேமராவின் படத்திலிருந்து துல்லியமான அளவை எடுக்கவே முடியாது என்றும், முடிந்தாலும் நோயாளியைப் பலமுறை அலைக்கழிக்க வேண்டியிருக்கும் என்றும், இத்தனைக்குப் பிறகும் பலன் கூடும் என்பதற்குச் சான்றில்லை என்றும் அது சொல்கிறது. கேட்பதற்கு நிதானமான வாதம். ஆனால் அதன் எந்தப் பகுதியும் நெருங்கிப் பார்த்தால் நிற்பதில்லை.

முதலில் இரண்டு அலகுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெக்கரல் சொல்வது கதிரியக்கத்தை, அதாவது மருந்தில் ஒரு வினாடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதை. கிரே சொல்வது கதிரளவை, அதாவது ஒரு கிலோ திசுவில் எத்தனை ஜூல் ஆற்றல் இறங்கியது என்பதை. புற்றுச் செல்லைக் கொல்வதும் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் கிரே. ஊசியில் இருக்கும் பெக்கரல் உறுப்பில் எத்தனை கிரே ஆகும் என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: உறுப்பு எவ்வளவு மருந்தைப் பிடித்துக்கொண்டது, எவ்வளவு நேரம் வைத்திருந்தது, அந்த உறுப்பின் நிறை என்ன. மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மருந்து ஏற்றி நான்காம் நாள், 96 மணி நேரம் கழித்து, ஒருவரின் இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து 58 மெகாபெக்கரல் லுட்டேசியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லுட்டேசியம்-177இன் இயற்பியல் அரை ஆயுள் 6.65 நாள். ஆனால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றிக்கொண்டும் இருப்பதால், அங்கே அது பாதியாகும் நேரம் சுமார் 50 மணி என்று கொள்வோம். ஏற்றிய நொடி முதல் முழுதும் தீரும்வரை அந்தச் சிறுநீரகங்களில் நிகழும் சிதைவுகள் ஏறத்தாழ 57 லட்சம் கோடி. ஒவ்வொரு சிதைவிலும் எலக்ட்ரான்கள் விட்டுச்செல்லும் சராசரி ஆற்றல் 147 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பெருக்கினால் 1.34 ஜூல். இரு சிறுநீரகங்களின் நிறை 300 கிராம் என்றால் கதிரளவு 4.5 கிரே. அதே 58 மெகாபெக்கரல், அதே 50 மணி, ஆனால் சிறுநீரகங்களின் நிறை 220 கிராம் என்றால் 6.1 கிரே. நான்கு முறை ஏற்றினால் முதலாமவருக்கு 18 கிரே, இரண்டாமவருக்கு 24 கிரே. சிறுநீரகத்துக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் வரம்பு 23 கிரே. முதலாமவருக்கு ஐந்தாம் முறையும் கொடுக்க இடமிருந்தது. இரண்டாமவருக்கு நான்காம் முறையே வரம்பைத் தாண்டிவிட்டது. இருவருக்கும் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படுவது ஒன்றுதான்: நான்கு முறை, 7.4 கிகாபெக்கரல்.

கற்பனை எண்களைக் கொண்டு பயமுறுத்துவதாக இதைத் தள்ளிவிட முடியாது. அந்த மருந்தின் அமெரிக்க அங்கீகார விவரக்குறிப்பிலேயே, 20 நோயாளிகளிடம் அளந்த சிறுநீரகக் கதிரளவு அச்சாகியிருக்கிறது. நான்கு முறைக்கும் சேர்த்து, அதாவது 29.6 கிகாபெக்கரலுக்கு, சராசரி 19.4 கிரே. திட்ட விலக்கம் 8.7 கிரே. ஒரு திட்ட விலக்கம் மேலே போனால் 28 கிரே, கீழே வந்தால் 11 கிரே. மண்ணீரலுக்குச் சராசரி 25.1, விலக்கம் 23.8. எல்லோருக்கும் ஒரே மருந்தளவு என்று சொல்லும் அதே ஆவணம், எல்லோரும் ஒரே கதிரளவைப் பெறுவதில்லை என்பதையும் தன் அட்டவணையில் சொல்லிவிடுகிறது. கட்டிகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. சுவீடனின் உப்சாலாவில் கணையக் கட்டிகளை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்த பலன் தெரியும்வரை கட்டிகள் வாங்கியிருந்த கதிரளவு 10 கிரேயிலிருந்து 340 கிரே வரை பரந்து கிடந்தது.

வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் இப்படி ஒரு நடைமுறையை எவரும் ஏற்கமாட்டார்கள். லீனியர் ஆக்சிலரேட்டரை எல்லா நோயாளிக்கும் இத்தனை நிமிடம் ஓடவிடுவது என்று ஒரு மருத்துவமனை முடிவு செய்தால் அதன் உரிமம் போய்விடும். அங்கே ஒவ்வொருவருக்கும் சி.டி. எடுத்து, கட்டிக்கு இத்தனை கிரே, தண்டுவடத்துக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று திட்டமிட்ட பிறகே கதிர் திறக்கப்படுகிறது. கருவியின் வெளியீடு நாள்தோறும் சரிபார்க்கப்படுகிறது. சர்வதேச அணுசக்தி முகமை 1969 முதல் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து தபாலில் சிறு கதிர்மானிகளை அனுப்பி, மருத்துவமனைகள் சொல்லும் கதிரளவும் உண்மையில் பாய்ச்சும் கதிரளவும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றனவா என்று சோதித்து வருகிறது. நரம்பு வழியே உள்ளே போகும் கதிரும் அதே திசுவில் அதே மாதிரித்தான் வேலை செய்கிறது. அது குப்பியில் வருகிறது என்பதாலும், மருந்து என்று பெயர் பெற்றிருப்பதாலும், கீமோதெரபியின் பழக்கம் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. கீமோ மருந்து உடலுக்குள் எங்கே போனது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. லுட்டேசியமோ 208 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரைத் தானே வெளியே அனுப்பி, தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு மருந்து என்ற பெயர் ஒரு காரணமாகாது.

அளப்பது புதிய ஆடம்பரம் என்பதும் தவறு. பாஸ்டனில் 1941இல் சால் ஹெர்ட்ஸ் தைராய்டு மிகைப்பு நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயோடின் கொடுத்தபோதே, சுரப்பி எவ்வளவு அயோடினைப் பிடித்தது என்று கைகர் கருவியால் அளந்தார். நியூயார்க்கில் 1962இல் பெனுவாவும் உடன் பணியாற்றியவர்களும், பரவிய தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 கொடுக்கும்போது இரத்தம் பெறும் கதிரளவு 2 கிரேயைத் தாண்டக்கூடாது என்று நோயாளிகளை அளந்து பார்த்து வரையறுத்தார்கள். உட்செலுத்தும் கதிரின் அளவைக் கணக்கிடும் முறையை ஒழுங்குபடுத்திய மிர்ட் குழுவின் முதல் வெளியீடு 1968இல் வந்தது. அளவிடும் மரபுதான் முந்தியது. ஒரே அளவு என்பது பின்னால் வந்த சௌகரியம்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வரலாம்: படத்திலிருந்து துல்லியமாக அளக்க முடியாது என்பது. இதில் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கிறது. அளவுத்திருத்தம் செய்யாத கேமராவைக் கொண்டு அளக்க முடியாதுதான். காமா கேமரா தானாகத் தருவது வெறும் எண்ணிக்கை, வினாடிக்கு இத்தனை ஃபோட்டான் என்று. அந்த எண்ணிக்கையை மெகாபெக்கரலாக மாற்றும் காரணி ஒவ்வொரு கேமராவுக்கும், கதிரை வடிகட்டி உள்ளே விடும் ஒவ்வொரு கோலிமேட்டருக்கும், ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் வேறு. அதைக் கண்டுபிடிப்பது கடினமான இயற்பியல் இல்லை, கவனமான வேலை. அது எப்படி நடக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால், முடியாது என்ற சொல் எவ்வளவு தளர்ந்தது என்பது விளங்கும்.

சங்கிலியின் முதல் கண்ணி தேசியத் தர ஆய்வகம். அமெரிக்காவில் நிஸ்ட், பிரிட்டனில் என்.பி.எல்., இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம். ஒரு கரைசலில் உள்ள கதிரியக்கத்தை அங்கே அடிப்படை முறையில் அளந்து சான்று தருகிறார்கள். மருத்துவமனையின் டோஸ் கேலிபரேட்டர், அதாவது குப்பியை உள்ளே இறக்கி அளக்கும் கிணறு வடிவ அயனியாக்கக் கருவி, அந்தச் சான்றுடன் ஒத்துப்போக வேண்டும். நீண்ட ஆயுளுள்ள சீசியம்-137 மூலத்தை அன்றாடம் வைத்துப் பார்த்தால் கருவி நிலையாக இருக்கிறதா என்பது தெரியும். லுட்டேசியத்துக்கான அதன் எண் சரியா என்பது அதனால் தெரியாது. அதற்கு லுட்டேசியத்தைக் கொண்டே சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியில் ஒரு அளவு காட்டும் கருவி, பிளாஸ்டிக் சிரிஞ்சில் வேறு அளவு காட்டக்கூடும். பீட்டா மட்டுமே வெளிவிடும் இட்ரியம்-90இல் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். அங்கே கருவி அளப்பது பீட்டா தடுக்கப்படும்போது எழும் இரண்டாம்நிலை எக்ஸ் கதிரைத்தான். பாத்திரம் மாறினால் அதுவும் மாறும்.

இந்த முதல் கண்ணியே நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு ரேடியம்-223 ஒரு பாடம். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுக்கு அதைக் கிலோவுக்கு 50 கிலோபெக்கரல் என்ற அளவில் கொடுத்துவந்தார்கள். நிஸ்ட் தன் மூலத் தரத்தை மறுபடி அளந்தபோது, பழைய தரத்தில் சுமார் 10 சதவீதம் பிழை இருந்தது தெரியவந்தது. நோயாளிக்குப் போகும் உண்மையான மருந்து மாறக்கூடாது என்பதால் குறிப்பில் எழுதும் எண்ணைக் கிலோவுக்கு 55 கிலோபெக்கரல் என்று திருத்தினார்கள். உலகெங்கும் அந்த மருந்தைத் தரும் மருத்துவமனைகள் தத்தம் கருவியின் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாத ஒரு கருவியோடு புதிய எண்ணைப் பின்பற்றியிருந்தால் நோயாளிக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போயிருக்கும். ஒரே அளவு கொடுக்கிறோம் என்று சொல்பவர்களும் அளவுத்திருத்தத்தை நம்பித்தான் அந்த அளவையே கொடுக்கிறார்கள். அளவிடுதலைத் தவிர்த்துவிட்டோம் என்பது மனப்பிரமை. அதைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவே.

இரண்டாம் கண்ணி ஃபேன்டம். ஆறேழு லிட்டர் கொள்ளும் அக்ரிலிக் உருளை அது. அதில் நீர் நிரப்பி, அளந்த லுட்டேசியத்தைச் சேர்த்து, நன்றாகக் கலக்கி, கேமராவின் கீழ் வைத்துப் படமெடுக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்யும்போதுதான் கை தடுமாறும். சிரிஞ்சில் இருந்ததை முழுதும் உருளைக்குள் செலுத்திவிட்டோம் என்று நினைப்பார்கள். ஊசி முனையிலும் சிரிஞ்சின் கழுத்திலும் மீதி நிற்கும். அதை மறுபடி அளந்து கழிக்க வேண்டும். லுட்டேசியம் குளோரைடை வெறும் நீரில் விட்டால் அது நீரில் பரவி நிற்காமல் அக்ரிலிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் விளிம்பு பளிச்சென்றும் நடுப்பகுதி மங்கலாகவும் ஒரு வளையம் தெரியும். டி.டி.பி.ஏ. போன்ற பிணைக்கும் பொருளையோ சிறிது அமிலத்தையோ முன்பே கலந்தால் அது நீரிலேயே தங்கும். இதை அறியாமல் எடுத்த படத்தைக் கொண்டு கேமராவைத் திருத்தினால், அந்தப் பிழை அதன்பின் வரும் ஒவ்வொரு நோயாளியின் கணக்கிலும் குடியேறிவிடும். மூடியை இறுக்கும் முன் மேலே தேங்கிய காற்றுக் குமிழியை வெளியேற்றுவதும், அளந்த கருவியின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று பார்ப்பதும் இதே வகை வேலைகள்தான். லுட்டேசியத்துக்கு அரைமணி நேரப் பிழை பொருட்டில்லை. டெக்னீசியம்-99எம் என்றால் அதே அரைமணியில் 5 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

படமெடுத்தபின் வருவது திருத்தங்கள். உடலுக்குள்ளிருந்து கிளம்பும் ஃபோட்டான்களில் பெரும்பகுதி வழியிலேயே மெலிந்துவிடும். முப்பரிமாணப் படமெடுக்கும் காமா கேமராவும் சி.டி.யும் இணைந்த ஸ்பெக்ட்-சி.டி. கருவியில் உடன் எடுக்கும் சி.டி. படம், எந்தத் திசு எவ்வளவு மறைத்தது என்பதைச் சொல்லிவிடும். சிதறி வந்த ஃபோட்டான்களைக் கழிக்க, முக்கிய ஆற்றல் சாளரத்தின் இருபுறமும் இரண்டு குறுகிய சாளரங்களை வைத்து எண்ணும் முறை 1990களின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் உள்ளது. கேமரா திணறும் அளவுக்குக் கதிர் வந்தால் அது சிலவற்றை எண்ணாமல் விட்டுவிடும். அயோடின்-131 பெருமளவில் கொடுத்த மறுநாள் இது பெரிய பிரச்சினை. லுட்டேசியத்தில் நான்காம் நாளுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

மிச்சமிருக்கும் உண்மையான சிக்கல் சிறிய பொருள்கள். ஸ்பெக்ட் படம் கூர்மையானது கிடையாது. ஒரு சிறு முடிச்சில் இருக்கும் கதிரியக்கம் படத்தில் சுற்றுப்புறத்துக்கும் வழிந்து பரவியது போலத் தெரியும். அதனால் முடிச்சு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இதற்கும் ஒரு ஃபேன்டம் உண்டு. மனித உடற்பகுதியின் வடிவில், உள்ளே 10, 13, 17, 22, 28, 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆறு வெற்றுக் கோளங்களோடு. ஒவ்வொன்றிலும் அளந்த கதிரியக்கத்தை நிரப்பிப் படமெடுத்தால், எந்த அளவுக் கோளத்தில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்ற வளைவு கிடைக்கும். 37 மில்லிமீட்டர் கோளத்தில்கூட முழுதும் திரும்புவதில்லை. 10 மில்லிமீட்டரில் பாதியும் தேறாது. அந்த வளைவைக் கையில் வைத்திருப்பவர் நோயாளியின் 25 மில்லிமீட்டர் கட்டியின் எண்ணைத் திருத்திக்கொள்ள முடியும். ஒரு சென்டிமீட்டர் முடிச்சின் கதிரளவை ஸ்பெக்டால் நம்பகமாகச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சிறுநீரகம் ஒரு சென்டிமீட்டர் முடிச்சு இல்லை. கல்லீரலும் இல்லை. மருத்துவர் அஞ்ச வேண்டிய உறுப்புகள் பெரியவை, அளக்கத் தக்கவை. லுட்டேசியம் படத்தை அளவீடாக மாற்றும் வழிகாட்டுதலை மிர்ட் குழுவும் ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2016இலேயே வெளியிட்டுவிட்டன. அதைப் படித்தபின் முடியாது என்று சொல்வதற்கு இடமில்லை.

பிழையே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. ஒழுங்காகத் திருத்திய ஸ்பெக்ட்-சி.டி.யில் சிறுநீரகக் கதிரளவின் நிச்சயமின்மை 10 முதல் 20 சதவீதம் என்ற அளவில் நிற்கும். உறுப்பின் எல்லையை வரைவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருவதும் அதில் அடங்கும். இந்த எண்ணைக் காட்டித்தான் அளப்பதே வீண் என்கிறார்கள். எதோடு ஒப்பிட்டு வீண்? அளக்காமல் விட்டால் நிச்சயமின்மை மறைந்துவிடாது. சராசரியை எடுத்து எல்லோருக்கும் பொருத்தினால் பிழையின் அளவு முன்பு சொன்ன 19.4க்கு 8.7, அதாவது 45 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு பிழையுள்ள அளவீட்டை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டு, கிட்டத்தட்ட பாதிப் பிழையுள்ள ஊகத்தைப் பின்பற்றுவதை எச்சரிக்கை என்று அழைக்க முடியாது. அளவீட்டின் பிழைக்கு மேலும் ஒரு நற்குணம் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று தேடலாம், ஒவ்வொரு கண்ணியிலும் குறைக்கலாம். ஊகத்தின் பிழையைக் குறைக்க வழியே இல்லை.

23 கிரே என்ற வரம்பு வெளிக்கதிர்ச் சிகிச்சையிலிருந்து 1991ஆம் ஆண்டு அட்டவணை ஒன்றின் வழியாகக் கடன் வாங்கியது, உட்செலுத்தும் கதிருக்கு அது பொருந்தாது என்று வேறொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். நியாயமான கேள்வி. மெதுவாகப் பல நாள் இறங்கும் கதிரைச் சிறுநீரகம் கூடுதலாகத் தாங்கக்கூடும். அதற்கான விடையை எங்கே தேடுவது? இட்ரியம்-90 டோட்டாடோக் பெற்றவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தபோது, 18 நோயாளிகளை ஆராய்ந்து 2005இல் வந்த பரோனே குழுவின் கட்டுரை ஒரு விடை தந்தது. ஒவ்வொருவரின் சொந்தச் சிறுநீரகக் கன அளவையும், கதிர் இறங்கிய வேகத்தையும் கணக்கில் சேர்த்தபோதுதான் கதிரளவுக்கும் சிறுநீரகத் திறன் இழப்புக்கும் இடையே நெருங்கிய தொடர்பு தெரிந்தது. பொதுவான கன அளவை வைத்துப் பார்த்தபோது தெரியவில்லை. வரம்பு தவறு என்று நிறுவ விரும்புபவரும் அளந்துதான் நிறுவ வேண்டும்.

சான்றில்லை என்ற குற்றச்சாட்டுக்குக் கல்லீரல் புற்றில் நடந்தது நேரடியான பதில். இட்ரியம்-90 நுண்கோளங்களைக் கல்லீரல் தமனி வழியே செலுத்தும் சிகிச்சையை, சொராஃபெனிப் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பிரான்ஸில் நடந்த சாரா ஆய்வு 2017இல் முடிவை வெளியிட்டது. நுண்கோளம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.0 மாதம், மாத்திரை பெற்றவர்களுக்கு 9.9 மாதம். சிகிச்சை தோற்றது என்று எழுதினார்கள். கட்டி எத்தனை கிரே வாங்கியது என்று பார்த்து யாருக்கும் திட்டமிடாத ஆய்வு அது. பின்னர் அதே நோயாளிகளின் படங்களிலிருந்து கட்டிக் கதிரளவைக் கணக்கிட்டபோது, 100 கிரேயும் அதற்கு மேலும் பெற்றவர்கள் 14.1 மாதமும், குறைவாகப் பெற்றவர்கள் 6.1 மாதமும் வாழ்ந்திருந்தது தெரிந்தது. பின்னோக்கிப் பார்த்த கணக்கு என்று அதையும் தள்ளலாம். ஆகவே முன்னோக்கி ஓர் ஆய்வைச் செய்தார்கள். டோசிஸ்ஃபியர்-01, பிரான்ஸில், 60 நோயாளிகள், குலுக்கல் முறையில் இரு பிரிவு. எல்லோருக்கும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டி. ஒரு பிரிவுக்கு வழக்கப்படி கல்லீரல் மடலுக்கு 120 கிரே இலக்கு. மறு பிரிவுக்கு, டெக்னீசியம் துகள்களைக் கொண்டு எடுத்த ஒத்திகை ஸ்பெக்ட் படத்திலிருந்து கணக்கிட்டு, கட்டிக்குக் குறைந்தது 205 கிரே. அளந்து கொடுத்த பிரிவில் 71 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, மற்றதில் 36 சதவீதம் பேருக்கு. இடைநிலை ஆயுள் 26.6 மாதத்துக்கு எதிராக 10.7 மாதம். மருந்து ஒன்றுதான், கோளமும் ஒன்றுதான். மாறியது கணக்கு. சிறிய ஆய்வு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதினாறு மாத ஆயுளை வேறு எந்தப் புதிய மருந்து கூட்டியிருந்தாலும் அதைச் சான்றில்லை என்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

லுட்டேசியத்தில் இத்தகைய குலுக்கல் ஆய்வின் பலம் இன்னும் இல்லை. இருப்பது வேறு வகை. உப்சாலாவில் 200 நோயாளிகளுக்கு நான்கு என்ற எண்ணை விட்டுவிட்டு, சிறுநீரகம் 23 கிரே எட்டும்வரை சிகிச்சை தந்தார்கள். சிலருக்கு நான்கைத் தாண்டியும் கொடுக்க முடிந்தது. வரம்பை எட்டியவர்களின் இடைநிலை ஆயுள் 54 மாதம், எட்டாதவர்களுக்கு 25. நோய் முற்றியதால் பாதியில் நிறுத்தப்பட்டவர்கள் எட்டாதவர்களில் சேர்ந்துவிடுவார்கள் என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் கதிரளவின் கணக்கில் எழுத முடியாது. முன்பு சொன்ன கணையக் கட்டி ஆய்வு அந்தக் குறைக்கு ஆட்படாதது. 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளில், கதிரளவு கூடக் கூடக் கட்டி சுருங்கியது மிக நெருக்கமாகப் பொருந்தியது. பொருத்தக் கெழு 0.91. சிறிய கட்டிகளையும் சேர்த்தபோது 0.64 ஆக இறங்கியது. அளவீடு எங்கே நம்பகமானதோ அங்கே உறவு தெளிவாகத் தெரிகிறது. அளவீடு எங்கே மங்குகிறதோ அங்கே உறவும் மங்குகிறது. அளவுத்திருத்தத்தின் தேவையை இதைவிட நேராகச் சொல்லும் எண் இல்லை. ஒரே அளவின் வெற்றியாகக் காட்டப்படும், லுட்டேசியம் டோட்டாடேட்டைச் சோதித்த நெட்டர்-1 ஆய்விலோ, நோய் முன்னேறாமல் நின்றவர்கள் அதிகம் என்றாலும், கட்டி சுருங்கியவர்கள் 18 சதவீதம் பேர். அவர்கள் எத்தனை கிரே பெற்றார்கள், மற்றவர்கள் எத்தனை பெற்றார்கள் என்பதே அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு ஒரு நல்ல சீட்டையும் வைத்திருக்கிறது. தைராய்டு அறுவைக்குப் பின் மிஞ்சிய திசுவை அழிக்க 1.1 கிகாபெக்கரல் அயோடினும் 3.7 கிகாபெக்கரலும் ஒரே பலனைத் தந்தன என்று 2012இல் பிரிட்டனின் ஹைலோ, பிரான்ஸின் எஸ்டிமாபில் ஆய்வுகள் காட்டின. ஆபத்து குறைந்த நோயாளிக்குச் சிறு எச்சத்தை நீக்க, அந்த அளவு போதும் என்பதை ஏற்கத்தான் வேண்டும். அங்கே 1.1 கிகாபெக்கரலே தேவையான கதிரளவைத் தாண்டிவிடுகிறது என்பதே அதன் பொருள். மூன்று மடங்கு கொடுத்துவந்த காலமெல்லாம் தேவையற்ற கதிரை ஏற்றிவந்தோம் என்பதையும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிய நோய்க்கு இந்த முடிவை நீட்டுவது பொருந்தாது.

கடைசியாகச் சிரமம். நோயாளியை நான்கு நாள் நான்கு முறை படுக்கவைத்துப் படமெடுப்பது சிரமம்தான். சென்னையில் சிகிச்சை பெற்று ராமநாதபுரத்துக்குத் திரும்பும் ஒருவரை மறுபடி மறுபடி வரச்சொல்வது எளிதில்லை. இதற்கு ஜெர்மனியின் ஹென்ஷைட் குழு 2018இல் ஒரு வழி காட்டியது. நான்காம் நாள் ஒரே ஒருமுறை அளந்து, அந்தக் கதிரியக்கத்தை அளந்த நேரத்தின் இருமடங்கால் பெருக்கி 0.693ஆல் வகுத்தால், மொத்தச் சிதைவுகள் கிடைத்துவிடும். சரிபார்ப்பது எவருக்கும் எளிது. 96 மணியில் அளந்தால், உறுப்பில் பாதியாகும் நேரம் 50 மணியாக இருந்தால் பிழை ஒன்றரை சதவீதம், 80 மணியாக இருந்தால் நாலரை சதவீதம். 40 மணிக்கும் 125 மணிக்கும் இடையே எங்கிருந்தாலும் 12 சதவீதத்தைத் தாண்டாது. சிறுநீரகமும் பெரும்பாலான கட்டிகளும் இந்த வீச்சுக்குள்தான் வருகின்றன. ஒரு பயணம், ஒரு படம். செலவு என்ற தடையும் இந்தியாவில் நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. லுட்டேசியம் டிராம்பேயின் துருவா உலையில் நம் நாட்டிலேயே தயாராகிறது, ஸ்பெக்ட்-சி.டி. பெரிய மையங்களில் ஏற்கெனவே நிற்கிறது. குறைவாக இருப்பது மருத்துவ இயற்பியலாளர்கள். கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் அவர்கள் இல்லாமல் கருவி ஓடாது. அணு மருத்துவப் பிரிவிலும் அந்த விதி வரவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. 2013ஆம் ஆண்டின் 59ஆம் எண் யூராட்டம் ஆணை, கதிரால் செய்யும் எந்தச் சிகிச்சையிலும் இலக்கு பெறும் கதிரளவை ஒவ்வொருவருக்கும் தனியாகத் திட்டமிட்டு, போய்ச்சேர்ந்ததைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. அணு மருத்துவச் சிகிச்சையும் அதில் அடங்கும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. உறுப்பு நாடுகள் 2018 பிப்ரவரிக்குள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் அங்கும் பல மருத்துவமனைகள் மருந்தின் அங்கீகாரக் குறிப்பைக் காட்டி ஒரே அளவையே தொடர்கின்றன.

லுட்டேசியம் ஏற்றிய பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்து கட்டியில் சேர்ந்ததா என்று பார்க்க இன்றும் ஒரு படம் எடுக்கப்படுகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் படத்தை ஸ்பெக்ட்-சி.டி.யாக எடுத்து, கேமராவை ஓர் உருளை ஃபேன்டத்தால் முன்பே திருத்தி வைத்திருந்தால், அதிலிருந்தே சிறுநீரகம் எத்தனை கிரே பெற்றது என்பதை எடுத்துவிடலாம். இந்தச் சிகிச்சையைத் தரும் ஒவ்வொரு மையமும் அடுத்த நோயாளி வருமுன் அந்த உருளையை நிரப்பிப் படமெடுக்கட்டும். இரண்டாம் ஊசியின் அளவை முதல் ஊசியின் கதிரளவைப் பார்த்தபின் முடிவு செய்யட்டும்.